தாய்மாமன் பெயர் போட்ட ஆய்வுக்கட்டுரை

நெடுங்கண்மாய் ஊரின் கண்மாய் அடிமண் தெரிய வற்றிப்போன கோடையில், மீனெல்லாம் செத்துக் குவிந்து கிடக்கும், அள்ளிக்கொண்டு வரலாம் என்று கூடையும் சாக்குமாகப் போன சனங்கள் வெடித்த களிமண்ணைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், ஏனென்றால் கெண்டையும் கெளுத்தியும் விராலும் அயிரையும் அதற்கு முன்பே கரையேறி, பஸ் ஸ்டாண்டு வழியாக, யாரிடமும் வழி கேட்காமல், காற்றிலேயே நீந்திக்கொண்டு ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தன.

முதல் இரண்டு நாள் கொஞ்சம் கூச்சலும் குழப்பமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பூனைகள் பைத்தியம் பிடித்துச் சுவரேறிச் சுவரேறிக் குதித்தன, எட்டாது என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுத்துக்கொண்டன. படிக்கட்டில் கூட்டமாக நின்ற கெண்டைகளைப் பார்த்துப் பஸ் கண்டக்டர், “உள்ள போ, உள்ள போ, உள்ளதான் இடம் இருக்குல்ல” என்று விசிலடித்தார். மூன்றாம் நாள் எல்லாம் பழகிவிட்டது. மளிகைக் கடையில் நிறுக்கும்போது தராசுத் தட்டில் வந்து உட்காரப் பார்க்கிற அயிரைக் குஞ்சுகளைக் கையால் விலக்கிவிட்டு நிறுப்பது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

பிடித்துக் குழம்பு வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நல்லாக் கேட்டீர்கள் போங்கள்! தண்ணீருக்குள் வலையை வீசி முகம் தெரியாத மீனைப் பிடிப்பது வேறு, நடுவீட்டில் கண்ணுக்கு நேராக வந்து நின்று, நீங்கள் உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வாயைத் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிற மீனை அரிவாள்மனையில் வைப்பது வேறு. குழம்புக்கு வழக்கம்போலத் தொண்டியிலிருந்து ஐஸ்பெட்டியில் வருகிற மீனைத்தான் வாங்கினார்கள். அதையும் வீட்டு மீன் பார்க்காதபடி கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துதான் ஆய்ந்தார்கள்.

தொந்தரவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஃபேன். தலைக்கு மேலே மீன் நிற்கிற வீட்டில் ஃபேன் போட முடியாது, போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அந்தக் கோடையில் ஊரில் பாதிப் பேர் விசிறியும் கையுமாக வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் சில வீடுகளில் மட்டும் மீன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, சில வீடுகளில் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது என்பதை முதலில் கவனித்தவர் அருளப்பன். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவர், வாசலில் நின்றபடியே வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுகிற கண் அவருக்கு. டீக்கடையில் மீன் கூரையைத் தொடுகிறது, நூலகத்தில் மேசைக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது, மாதா கோயிலில் பூசை நேரத்தில் ஏறுகிறது, பிரசங்கம் நீண்டு சனங்கள் தூங்க ஆரம்பித்ததும் இறங்குகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டே மகளிடம் சொன்னார்.

“பாப்பா, இந்த மீனுக எல்லாம் நம்ம பேச்சைக் குடிச்சுத்தான் உசுரோட இருக்கு.”

மகள் பெயர் குழந்தைதெரசு. ஊர் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள், ஊருக்குத் தெரசு டீச்சர். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு கெண்டையின் முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிப் பார்த்தாள். பேசப் பேச அதன் செவுள் விரிந்து விரிந்து மூடுவதையும், அது அவள் வாயிலிருந்து வரும் மூச்சின் ஈரத்தை நோக்கி ஒரு சாண் ஏறி நிற்பதையும் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து தகப்பனும் மகளும் மொபெட்டில் தெருத் தெருவாகப் போனார்கள். அவள் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியோடு முன்னால், அவர் தையல்காரர் டேப்போடு பின்னால். ஒவ்வொரு வாசலிலும் பழக்கதோஷத்தில் அருளப்பன் “ரீடிங்!” என்று குரல் கொடுப்பார், சனங்களும் பழக்கதோஷத்தில் கரண்டு அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள், பிறகு சிரித்துக்கொண்டு மீனைக் காட்டுவார்கள். தெரசுக்கு வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான கோடை வேறு இருந்ததில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. மீன் தாழ்ந்தால் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தமாகிவிட்டதே! புருஷன் பெண்டாட்டி மனஸ்தாபத்தில் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சாத்தினால் இன்னும் சந்தேகம் வரும் என்று திறந்து வைத்துக்கொண்டு எதையாவது பேசினார்கள், எதையாவது பேசப் போய்ச் சமாதானமும் ஆனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று மீன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்கள். ஃபேன் ஓடாமல் வேர்த்து வடிகிற வீடுதான் கொடுத்துவைத்த வீடு என்று ஆயிற்று.

ஐப்பசியில் மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் மீன்கள் வந்த வழியே திரும்பிப் போயின. அந்த மழைக்காலத்திலேயே, இரண்டு நாள் காய்ச்சலில், அருளப்பனும் போய்விட்டார்.

அடுத்த கோடையில் கண்மாய் வற்றி மீன்கள் மறுபடி வந்தபோது தெரசு வீட்டுக்கு ஒரு கெளுத்தி வந்தது. பாவம், அது தப்பான வீட்டுக்கு வந்துவிட்டது. தெரசுவின் அம்மா மரியபுஷ்பம் புருஷன் போன நாளிலிருந்து “சோறு வைக்கவா”, “கதவைச் சாத்து” என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கெளுத்தி கணுக்கால் உயரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் திரிந்தது, மேலே ஃபேன் எந்தத் தடையும் இல்லாமல் முழு வேகத்தில் சுற்றியது. அந்தக் காற்றில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தெரசுக்கு அழுகை வரும்.

மரியபுஷ்பத்துக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சவரிராயன் இருந்தார். ஆனால் அந்த வீட்டோடு பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், சிரிக்காதீர்கள், நம் வீடுகளில் இதைவிடச் சின்னக் காரணமெல்லாம் உண்டு. தெரசுவின் அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து சவரிராயன், “பையன் நல்ல பையன்தான், ஆனா கொஞ்சம் குட்டை” என்றார். அருளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம், அச்சகத்தில் உட்கார்ந்து, தாய்மாமன் என்று போட்டிருந்த வரியைப் பேனாவால் ஒரே இழுப்பாக அடித்துவிட்டார். பத்திரிகை வீடு வீடாகப் போனது, தாய்மாமன் பெயரில்லாத பத்திரிகை சவரிராயன் வீட்டுக்கும் போனது. அவர் அதைப் படித்துப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு ஒரே கோயிலில் ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் தங்கையும் முழங்கால் போட்டு, ஒரே மாதாவை, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் கும்பிட்டார்கள்.

தெரசு அப்பா தொடங்கிய ஆராய்ச்சியை விடவில்லை. பேச்சு இருந்தால் மீன் ஏறும் என்று காட்டியாகிவிட்டது. பேச்சே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும், அதற்குச் சில நாள் ஒரு வார்த்தையும் பேசாத வீடு வேண்டும். அவள் டீக்கடையில் இதைச் சொன்னபோது ஊரே சிரித்தது. இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டிருக்க ஆளா! அவள் வீட்டையே வைத்துப் பார்க்கலாம் என்றால் அம்மாவின் “சோறு வைக்கவா” குறுக்கே வந்தது.

அந்தச் சாயந்தரம் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு செசிலி அத்தை வந்தாள், சவரிராயனின் மனைவி. பெண்களுக்குள் பின்வாசல் வழியாக எப்போதும் ஒரு பாதை இருந்தது.

“உங்க மாமா சொல்லச் சொன்னாரு தெரசு. எங்க வீட்டுல ஒரு விரால் இருக்குல்ல, நாங்க ரெண்டு பேரும் பேசாம இருந்து பார்க்குறோம்னாரு. பேசாம இருக்குறதெல்லாம் எனக்குப் பழக்கந்தானே, வேற யாருக்கு வரும்னாரு.”

தெரசு அந்த வீட்டுக்குள் போக முடியாது, அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் அத்தையிடம் சொல்லி அனுப்பினாள். சவரிராயன் டிவியை அணைத்தார், செபமாலையை மனசுக்குள் சொன்னார், நாற்காலியைப் போட்டு விராலுக்கு எதிரே உட்கார்ந்தார், அது இறங்க இறங்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நெற்றியில் நின்ற விரால் நெஞ்சுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, முட்டிக்கு வந்தது, கடைசியில் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு செவுளை மட்டும் எப்போதாவது ஒருமுறை திறந்தது. அந்தக் கட்டத்தில் பேச வேண்டும், பேசினால் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் சோதனை. அத்தை கொல்லையில் நின்று மூச்சு வாங்க அதைச் சொன்னாள்.

“ஏறிருச்சு தெரசு! விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வாய்க்கு நேரா வந்து நின்னுருச்சு.”

“மாமா என்ன பேசுனாக அத்தை?”

“என்னத்தைப் பேசுனாரு... குனிஞ்சு அதைக் கையில எடுத்தாரு. வாயைத் தொறந்தாரு. வேற ஒண்ணும் வரலை, ‘தெரசு, தெரசு’ன்னு உன் பேரைத்தான் சொன்னாரு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு.”

தெரசு அழுதாள். அழுதுகொண்டே, முதல் தடவை சொன்னதும் எத்தனை விரற்கடை ஏறியது என்று கேட்டு எழுதியும் கொண்டாள்.

கட்டுரையை இங்கிலீஷில் எழுதி முடித்து, டைப் செய்ய அவள் போனது காசிலிங்கத்தின் அச்சகத்துக்கு. அந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கம்ப்யூட்டரிலிருந்துதான் வரும். தலைப்புக்குக் கீழே பெயர்கள் வரவேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப மொதல்ல பெரியவுகளைப் போட்டுருவோம் டீச்சர். விட்டுப்போச்சுன்னா ஊர் நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கிரும்.”

அவர் அப்படித்தான் போட்டார். முதலில் கல்லூரித் தாளாளர், அவர்தான் கல்லூரிக்குச் சொந்தக்காரர், என் கட்டடத்தில் நடந்த ஆராய்ச்சியில் என் பெயர் இல்லாமலா என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார். அடுத்தது துறைத்தலைவர், அவர் பெயரை முன்னால் போடாமல் அந்தத் துறையிலிருந்து ஒரு காகிதம் வெளியே போனது கிடையாது. மூன்றாவது தெரசு. நான்காவதாகச் சவரிராயன் பெயரை அவளே சொன்னாள். காசிலிங்கம் காத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா பேரு?”

“வேணாம்ணே. அதை நன்றியில போட்டுக்கலாம்.”

அவள் மனசுக்குள் ஓடியது இதுதான். அப்பா பெயரும் இருந்தால் அதைப் பார்த்ததுமே மாமா காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். செத்தவருக்கு ஒரு வரி போனால் என்ன, உயிரோடு இருப்பவர் இந்த ஒரு தடவையாவது விட்டுப்போகக் கூடாது. அப்பா இருந்தால் புரிந்துகொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

காசிலிங்கம் திரையைப் பார்த்தபடி, “அன்னைக்கு உங்கப்பா உக்காந்து அடிச்சாரு, இன்னைக்கு நீங்க உக்காந்து அடிக்கிறீக. நமக்கென்ன, சொல்றதை அடிச்சுக் கொடுப்போம்” என்றார்.

அச்சகத்தில் பெயர் போடுகிறார்கள் என்ற செய்தி வெளியே போக எவ்வளவு நேரமாகும்! மறுநாள் காலையில் வாசல் நிறையச் சனம். “எங்க வீட்டுக் கெண்டையை அளந்துட்டுப் போனீகளே, எங்க பேரு இல்லையா?” என்றார் டீக்கடை ராவுத்தர். “கல்யாணத்துல மொய் எழுதுனவுக பேரையே விட்டாப்புல இருக்கு” என்றாள் ஒருத்தி. பஸ் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலை மட்டும் ஊதினார். தெரசு மொபெட் மேல் ஏறி நின்று பொறுமையாகச் சொன்னாள். கட்டுரையில் பெயர் வரவேண்டும் என்றால் அதற்காக நிஜமாகவே உழைத்திருக்க வேண்டும், எழுதியதை முழுக்கப் படித்து வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்ல வேண்டும், நாளைக்கு எவனாவது இது பொய் என்றால் முன்னால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

கூட்டம் கொஞ்ச நேரம் யோசித்தது. அவர்கள் தலைகளுக்கு மேலே நின்ற மீன்கள் ஒரு முழம் இறங்கின. அப்புறம் ராவுத்தர், “படிக்கிறதும் பதில் சொல்றதும் நமக்கு ஆகாதுப்பா, கீழ நன்றியில போட்டா போதும், பேரு வந்தாச் சரி” என்றார். காசிலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கள் நல்வரவை விரும்பும் உற்றார் உறவினர் மாதிரி, கட்டுரையின் கடைசியில், சின்ன எழுத்தில், தெருவாரியாக ஊர் முழுவதையும் போட்டுவிட்டார்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போனது. சில வாரத்தில் பதில் வந்தது. சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை, பெயர் போட்டிருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கண்ணால் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

தாளாளர் அறையில் அப்போது ஒரு பெரிய கட்லா அவர் மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. அதை விலக்கி விலக்கித்தான் அவர் கடிதத்தைப் படித்தார்.

“நான் இல்லைன்னு சொல்லலம்மா. கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், தினம் என் காபியில வாலை விடுது. ஆனா கையெழுத்துங்கிறது வேற. வக்கீலைக் கேக்கணும்.” வக்கீலைக் கேட்டு, மறுநாள் பெயரை எடுத்துவிடச் சொன்னார். துறைத்தலைவர் வக்கீலைக்கூடக் கேட்கவில்லை. “எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட் தெரசு, கடைசி நேரத்துல மீனு கீனுன்னு மாட்டிக்கிட்டா பென்ஷன்ல கை வச்சுருவான். நீங்களே போட்டுக்கங்க, வாழ்த்துகள்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். வரிசையில் மிஞ்சியது இரண்டு பெயர், குழந்தைதெரசு, சவரிராயன்.

மாமா சம்மதம் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, சம்மதம் என்று அவர் வாயால் சொல்லித் தான் காதால் கேட்க வேண்டும் என்று தெரசு பிடிவாதமாக இருந்தாள், அது பத்திரிகை கேட்டதில்லை, அவள் கேட்டது. கட்டுரை முழுவதையும் தமிழில் எழுதி அத்தையிடம் கொடுத்தனுப்பினாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விராலுக்கு வாசித்துக் காட்டுகிறார் என்று அத்தை சொன்னாள். முதல் பக்கத்துக்குச் சிரித்தாராம். நடுவில் தன் சுவர்க் கோடுகள் படமாக வந்திருந்ததை அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாராம். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள் தெரசு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கெளுத்தி நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் சவரிராயன், கோயிலுக்குப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையோடு, கையில் கட்டுரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் விரால். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தவர், ஃபேனைப் பார்த்ததும் பின்னால் கையை நீட்டி விராலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மரியபுஷ்பம் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சம்மதம் சொல்லத்தான் வந்தேன் தெரசு,” என்றார் அவர், தங்கையைப் பார்க்காமல். “சொல்ல முடியல.”

“ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா மாமா?”

“எழுதுனதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. விட்டதுதான் சரியில்லை. மச்சான் பேரு எங்க?”

“நன்றியில போட்டிருக்கேன்...”

“பார்த்தேன், பார்த்தேன். டீக்கடை ராவுத்தருக்கும் பஸ் கண்டக்டருக்கும் நடுவுல போட்டிருக்க. மீன் பேச்சைக் குடிக்குதுன்னு இந்த ஊருக்கு மொதல்ல சொன்னது யாரு, ராவுத்தரா?”

“அப்பா பேரு இருந்தா நீங்க வர மாட்டீகன்னு நினைச்சேன் மாமா.”

சவரிராயன் அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். இடுக்கிய விரால் வாலை ஒருமுறை ஆட்டியது.

“ஏத்தா, கேளு. உங்கப்பன் எம் பேரை அடிச்சாரு. கோவக்காரரு, அடிச்சாரு. நான் பதினோரு வருஷம் அதைத் தூக்கிச் சுமந்துட்டேன். கனம்னா கனம், அப்புடிக் கனம். இப்ப எனக்காக நீ அவரு பேரை அடிச்சா அதை யாருத்தா சுமக்குறது? எனக்கு வயசாயிருச்சு, நான் ஆள் இல்ல.”

“செத்தவுக எப்புடி மாமா சம்மதம் சொல்லுவாக?”

“பேருக்குப் பக்கத்துல ஒரு சிலுவை மாதிரி போட்டுட்டாப் போதுமாம், செத்தவுகன்னு அவுகளே புரிஞ்சுக்குவாகளாம். காசிலிங்கத்துக்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். மச்சானுக்காகச் சம்மதத்தை நான் சொல்லுறேன், எனக்காகவும் நானே சொல்லுறேன். உன் பேரு மொதல்ல இருக்கட்டும், அலைஞ்சது நீ. எங்க ரெண்டு பேரையும் அடுத்தடுத்துப் போடு. நடுவுல யாரையும் விட்டுராத.”

சொல்லிவிட்டு அவர் முதல் தடவையாகத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“புஷ்பம். மாப்பிள்ளை குட்டைன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது.”

மரியபுஷ்பத்துக்குப் பதினோரு வருஷத்துப் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு முகம். பிறகு சொன்னாள்.

“குட்டைதான்ணே. உன் மச்சானுக்கும் தெரியும். கல்யாணத்தன்னைக்கே என் காதுக்குள்ள சொன்னாரு, உங்கண்ணன் சொன்னது நெசந்தான் போலன்னு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றதுன்னு வரலை.”

சவரிராயன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். “அட மச்சான், அட பாவி மச்சான்” என்று விராலைத் தடவிக்கொண்டே சொன்னார். மரியபுஷ்பம் அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் ஆரம்பித்தாள், புருஷன் உயிர் போன அன்றைக்கு ராத்திரி என்ன கேட்டார், கடைசியாக என்ன சாப்பிட்டார், பெரியவளுக்கு இரண்டாவது பிறந்தது யார் ஜாடை, அது மட்டும் நல்லவேளையாக உயரம், போன திருவிழாவில் அண்ணன் மெலிந்துபோய்க் கொடிமரத்துப் பக்கம் நின்றதைப் பார்த்து அன்றைக்கு ராத்திரி தான் எப்படித் தூங்கவில்லை, நீ ஏன் சுகருக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும், செசிலி எல்லாம் சொல்லுவாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் மூக்கைச் சிந்தி, மறுபடி விட்ட இடத்திலிருந்து எடுத்து, சொல்லிக்கொண்டே போனாள். அவர் நடுநடுவே “அப்புடியா”, “பார்றா”, “அதுக்கு நீ என்ன சொன்ன” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெரசு சுருண்ட காகிதத்தை நீவி மேசைமேல் விரித்து, தன் பெயருக்குப் பக்கத்தில் அருளப்பன் என்று எழுதி, சின்னதாக ஒரு சிலுவையும் போட்டாள். நாற்காலிக்கு அடியில் கிடந்த கெளுத்தி மெதுவாகத் தரையைவிட்டு எழும்பி, அம்மாவின் மடியைக் கடந்து, மாமாவின் தோளைக் கடந்து, மீசையை நிமிர்த்திக்கொண்டு ஏறியது.

“ஏய் தெரசு,” என்றாள் மரியபுஷ்பம், சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு. “ஃபேனை அமத்துடி, மீன் மேல வருது பாரு.”